சித்திக்குச் சம்பளம்

மார்ச் 4

தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நேற்று டி.வி.யில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறாய், கன்னத்தில் சதைகூடப் போட்டிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனை தடவை போன் செய்தாலும் உன் உதவியாளன்தான் எடுக்கிறான். "சார் கூட்டத்துல இருக்காருங்க" என்கிறான். கூடப்பிறந்தவள் கூப்பிட்டால் மட்டும் உனக்குக் கூட்டம் முடிவதே இல்லை போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். இதையாவது நீயே பிரித்துப் படி.

சட்டசபையில் எழுந்து, "எனக்குத் தெரிந்த ஒரு லாண்டரி இருக்கிறது" என்று ஆரம்பித்தாயே, உனக்கு எத்தனை லாண்டரி தெரியும்? "அங்கே ஒரு பெண்மணி. தலை நரைக்கும்வரை பெட்ஷீட் மடித்தவர். இன்றுவரை சம்பளம் என்று ஒன்றைக் கையில் வாங்கியதில்லை" என்றாய். உன் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே எதிர்க் கடைக்காரர் பல் விளக்கிக்கொண்டே கேட்கிறார், "என்னம்மா, தம்பி உங்களையா சொன்னாரு?" என்று. எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்தப் பெண்மணி நம் சித்தி. அம்மா இறந்த வாரம் ஒரு பெட்டியோடு வந்து, நம் இருவரையும் வளர்ப்பதற்காகத் தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டாம் என்று இருந்துவிட்ட அம்மாவின் சொந்தத் தங்கை. மாடியில் அவளுக்கு அறை இருக்கிறது. சாப்பாடு, துணிமணி, மருந்து, கேட்டபோது கைச்செலவு எல்லாம் நான்தான் தருகிறேன். பெற்ற தாய்க்கு எவளாவது மாதச் சம்பளம் போடுவாளா? அவள் பெட்ஷீட்டின் ஒரு முனையைப் பிடித்தால் மறு முனையைப் பிடிப்பது நான். அதையும் சபையில் சொல்லியிருக்கலாமே.

உன் கூலி உயர்வு மசோதாவுக்கும் வருகிறேன். என் லாண்டரி வருமானத்தில் முக்கால்வாசி அந்தப் பெரிய ஓட்டல் துணியிலிருந்து வருகிறது. வருடம் முழுவதற்கும் ஒரே விலை என்று கையெழுத்து போட்டாகிவிட்டது. நீ கூலியை ஏற்றுவாய், அவர்கள் விலையை ஏற்ற மாட்டார்கள். நடுவில் நசுங்குவது யார்? ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று அள்ளி ஊற்ற உனக்கு என்ன வலிக்கப் போகிறது! மசோதாவை எதிர்க்கச் சொல்லவில்லை. சிறு தொழில்களுக்கு ஒரு வருடம் தள்ளிப் போடு என்று பேசு. சித்தியின் கதையை இனி எங்கும் எடுக்காதே.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நானே பிரித்தேன், நானே படித்தேன். கத்துவாய் என்றுதான் போனை எடுக்கவில்லை. எழுத்திலும் கத்த முடியும் என்று காட்டிவிட்டாய்.

நான் யார் பெயரையும் சொல்லவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்றால் அதற்கு நான் பொறுப்பில்லை. வேலை செய்கிறவருக்குக் கூலி கொடுக்காததை அன்பு என்று சொல்கிறாய். அன்பாக இருந்தால், உன் துண்டு மடிக்கும் பெண்களுக்கும் அதையே கொடுத்துப் பாரேன். மறுநாள் ஒருத்தி வருவாளா? சித்தி வருகிறாள், ஏனென்றால் அவளுக்குப் போக்கிடம் இல்லை.

கூலி ஏறினால் கடைகள் மூடும் என்று ஒவ்வொரு தடவையும் சொல்கிறீர்கள். போன தடவை ஏற்றியபோதும் சொன்னீர்கள், உன் கடை மூடிவிட்டதா? கையில் நாலு காசு சேர்ந்தால் அந்தப் பெண்கள் அதைப் பெட்டியிலா பூட்டி வைப்பார்கள்? உன் தெருவிலேயே செருப்பு வாங்குவார்கள், பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்குவார்கள். பணம் சுற்றி வரும். இது பொருளாதாரம். நீ தொழிலாளிகளுக்காகக் கண்ணீர் விடுவதோ ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை.

ஒரு வருடம் தள்ளிப் போட மாட்டேன். சித்தியை நலம் கேட்டதாகச் சொல்.

தம்பி


மார்ச் 14

தம்பிக்கு,

ஓநாய் எழுதுவது.

போன தடவை கூலி ஏற்றியபோது கடை மூடவில்லைதான். எப்படி மூடாமல் பார்த்துக்கொண்டேன் என்று கேட்டாயா? இரண்டு பேரை நிறுத்தினேன். கணக்கெழுத ஆள் வைத்திருந்தேன், இப்போது நானே எழுதுகிறேன். பாய்லரைப் பார்க்க வருகிறவனை வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் கூப்பிடுகிறேன். அது உஸ் உஸ் என்று மூச்சு விடும்போதெல்லாம் எட்டிப் போய் நின்றுகொள்கிறேன். பணம் சுற்றி வரும் என்கிறாய். சுற்றி என் வாசலுக்கு வருவதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிடும்.

நேற்று விலையை ஏற்றித் தரச் சொல்லி ஓட்டல் மேலாளரைப் பார்க்கப் போனேன். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "உங்க தம்பிதானே சட்டம் போடுறாரு? அவர்கிட்டயே கேளுங்களேன்" என்றார். அறையிலிருந்த எல்லாரும் சிரித்தார்கள். நின்றபடியே கேட்டுக்கொண்டு வந்தேன்.

இங்கே உன் மவுசைக் கேட்டால் மகிழ்ச்சி அடைவாய். டிரையர் கதவில் உன் படத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். சூட்டில் உன் மூக்கு சுருண்டுவிட்டது. வேன் ஓட்டுகிற நெட்டை மட்டும் ஒட்டவில்லை. "அக்கா, கூலி ஏறினா மொதல்ல என்னைத்தானே நிறுத்துவீங்க?" என்று கேட்டான். நான் கணக்கு நோட்டைப் புரட்டினேன். அவனுக்குப் புரிந்துவிட்டது. படிக்காதவனுக்குத் தெரிகிற பொருளாதாரம் உனக்குத் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். உனக்கும் தெரியும், ஆனால் நெட்டை உன் தொகுதி இல்லை.

சித்தியைக் கேட்டதாகச் சொன்னேன். "நல்லா பேசுறான்" என்றாள், அவ்வளவுதான். உன் பேச்சை டி.வி.யில் மறுபடி போட்டபோது சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்டாள்.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

செய்தி கேட்டிருப்பாய். மசோதா நிறைவேறிவிட்டது. மே முதல் தேதியிலிருந்து சட்டம். நீ திட்டினாலும் பரவாயில்லை, முடிவு வந்ததும் எனக்குச் சித்தியின் முகம்தான் ஞாபகம் வந்தது.

இனி அவளுக்குச் சம்பளம் கொடுப்பது உன் கருணை இல்லை, கடமை. முதல் சம்பளத்தை நோட்டாக அவள் கையில் கொடு. அவளைப் பொறுத்தவரையாவது இதைச் சண்டையாக்காமல் செய்.

தம்பி


ஏப்ரல் 8

மாண்புமிகு உறுப்பினர் அவர்களின் மேலான சமூகத்துக்கு,

சாதாரண லாண்டரிக்காரி ஒருத்தி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. ஐயா தாங்கள் இயற்றிய சட்டத்தைத் தாங்களே ஒரு தடவை படித்துப் பார்த்தீர்களா?

எங்கள் உரிமையாளர் சங்கச் செயலாளர் நேற்று எல்லாரையும் உட்கார வைத்துப் படித்துக் காட்டினார். கடைசிப் பக்கத்தில் ஓர் உட்பிரிவு இருக்கிறது. "குடும்பத் தொழிலில் உரிமையாளரின் இரத்த உறவினர் செய்யும் உதவி, இச்சட்டத்தின்படி வேலையாகக் கருதப்படாது." அம்மாவின் கூடப்பிறந்தவள் இரத்த உறவா இல்லையா என்று கேட்டேன். "சந்தேகமே வேணாம்மா, உங்க சித்திக்கு நீங்க சல்லிக்காசு தர வேண்டியதில்ல" என்றார்.

உன் குழு எழுதியது அது. கீழே உன் கையெழுத்தும் இருக்கிறதாம். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவனைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன், சொந்தக் கையாலேயே வைத்தவனை இப்போதுதான் பார்க்கிறேன். சபையில் சித்தியைக் காட்டி மேசையைத் தட்ட வைத்தாய். சட்டத்தில் அவளை மட்டும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுக் கதவைச் சாத்திவிட்டாய். துண்டு மடிக்கும் பெண்களுக்கெல்லாம் மே மாதம் நான் ஏற்றிக் கொடுக்கப் போகிறேன், ஏற்றித்தான் ஆக வேண்டும். உன் பேச்சில் வந்த பெண்மணிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

வாய் வலிக்கச் சிரித்தேன். வெகு நாளாயிற்று இப்படிச் சிரித்து.

தங்கள் உண்மையுள்ள ஓநாய்


ஏப்ரல் 15

அக்காவுக்கு,

சிரித்து முடித்துவிட்டாய் என்றால் கேள்.

அந்த உட்பிரிவு இல்லாமல் மசோதா தோற்றிருக்கும். சிறு கடைக்காரர்கள் பக்கத்து உறுப்பினர்கள் அது ஒன்றைத்தான் கேட்டார்கள். கல்லாவில் உட்காரும் மனைவி, பள்ளி விட்டு வந்து சாமான் எடுத்துக் கொடுக்கும் மகன், இவர்களுக்கெல்லாம் எப்படிச் சம்பளச் சீட்டு போடுவது என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது, விட்டுக் கொடுத்தேன். லட்சக்கணக்கான பேருக்குக் கிடைக்க வேண்டுமானால் சிலருக்குக் கிடைக்காமல் போகும். அரசியல் அப்படித்தான் நடக்கும். கையெழுத்துப் போடும்போது சித்தி என் நினைவில் இல்லை. அவளை நான் எப்போதும் அந்த மடிக்கும் மேசைக்குப் பக்கத்தில்தான் நினைத்துப் பழக்கம், அவளை உறவு என்ற பட்டியலில் தேடத் தோன்றவில்லை.

எப்படியும், கொடுக்கக் கூடாது என்று சட்டம் சொல்லவில்லையே. நீயாகக் கொடு. யார் கையைப் பிடித்தார்கள்?

தம்பி


மே 6

தம்பிக்கு,

நீயாகக் கொடு என்றால் சட்டம் எதற்கு, சபை எதற்கு, உனக்கு அங்கே நாற்காலி எதற்கு? இதைக் கேட்டு எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் வேறு நடந்துவிட்டது. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நேற்று தொழிலாளர் துறையிலிருந்து ஆய்வாளர் அம்மா வந்தார். உன் பேச்சு எந்த லாண்டரியைப் பற்றியது என்று ஊருக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா? பெண்கள் எல்லாரிடமும் கேட்டு எழுதிக்கொண்டார். எல்லாருக்கும் புதுக் கூலி போட்டிருந்தேன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு சித்தியைக் காட்டி, "இவங்க?" என்றார். "என் சித்தி. வீட்டு ஆளு. சும்மா ஒத்தாசைக்கு நிக்கிறாங்க" என்றேன். "அப்படின்னா அவங்க ஒரு கையெழுத்துப் போட்டா போதும்" என்று ஒரு தாளை எடுத்து சித்தியின் முன்னால் வைத்தார். நான் உரிமையாளரின் உறவினர், கூலி கோர மாட்டேன் என்று அதில் இருந்தது. முந்தின நாளே சித்தியிடம் சொல்லி வைத்திருந்தேன். அவளும் "சரி" என்றுதான் சொல்லியிருந்தாள்.

தாளை நிதானமாகப் படித்தாள். பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

"நான் இவங்களுக்கு உறவு இல்லைங்க" என்றாள்.

எனக்குக் காதில் விழுந்தது புரியவே இல்லை. ஆய்வாளர் அம்மாவும் குழம்பிப் போய், "சித்தின்னு கூப்பிடுறாங்களே?" என்று கேட்டார்.

"இங்க எல்லாரும்தான் அப்படிக் கூப்பிடுறாங்க. வேன் ஓட்டுற தம்பிகூட சித்தின்னுதான் கூப்பிடுது. அதனால அவனுக்கு நான் அம்மா தங்கச்சி ஆயிடுவேனா?"

துவைக்கிற மிஷின்களை நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தி காதிலும் விழுந்தது. நான், "சித்தி, என்ன பேசுறீங்க?" என்று கத்திவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான் இங்க வேலை செய்யிறவ. எனக்குச் சோறு போட்டாங்க, துணி எடுத்துக் கொடுத்தாங்க. இல்லன்னு சொன்னா என் நாக்கு அழுகிடும். ஆனா ஒரு செருப்பு வாங்கணும்னாலும் போய் நிக்கணுங்க. 'எதுக்கு?'ன்னு கேப்பாங்க. கோவமா இல்லை, சும்மாதான் கேப்பாங்க. நான் சொல்லணும். எதுக்குன்னு யாரும் கேக்காத காசு எனக்குக் கொஞ்சம் வேணும்."

ஆய்வாளர் அம்மா தலையை நிமிர்த்தாமல் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்.

நான் கேட்டிருக்கிறேன்தான், "எதுக்கு?" என்று. எல்லாரும் கேட்பதில்லையா? நீ கேட்க மாட்டாயா? சொந்தக்காரி என்பதால்தானே கேட்டேன். வேலைக்காரியிடம் எவளாவது கேட்பாளா? அவளுக்கு நான் எடுத்துக் கொடுக்காத பட்டுப்புடவை இல்லை, கூட்டிப் போகாத ஆஸ்பத்திரி இல்லை. அத்தனை பேர் முன்னால் நான் உனக்கு யாருமில்லை என்று சொல்ல அவளுக்கு எப்படி வாய் வந்தது? அவள் மேல் எனக்கு இருக்கிற ஆத்திரம், உன் மேல் இருக்கிறதைவிடப் பெரிது. நேற்றுவரை அது நடக்காது என்று நினைத்திருந்தேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவும் அவளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று காட்ட என்னிடம் ஒரு தாளும் இல்லை. இரத்த உறவினர் இன்னொருவர், இவர் எங்கள் தாயின் தங்கைதான் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும் என்கிறார் ஆய்வாளர். உலகத்தில் அப்படி இருப்பது நீ ஒருவன்தான். இந்த மாதம் இருபதாம் தேதிக்குள் வேண்டும். பொய் சொல்லச் சொல்லவில்லை. உண்மையை எழுது. நம் அம்மாவின் தங்கையை அம்மாவின் தங்கை என்று எழுது. இது பணத்துக்காக இல்லை என்பது உனக்குத் தெரியும்.

அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு தடவை படித்தேன். சித்தி இவ்வளவு பேசுவாள் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் நீ கேட்பதை நான் செய்ய முடியாது. கையெழுத்துப் போட்டால், கூலிச் சட்டம் கொண்டு வந்தவனே தன் சித்தியின் கூலியைத் தட்டிப் பறித்தான் என்று நாளைக் காலைப் பத்திரிகையில் வரும். உறவில்லை என்று எழுதிக் கொடுத்தால் அது பொய், எவனாவது தோண்டி எடுத்தால் என் பதவி போகும். இரண்டும் வேண்டாம். பொறுப்பில் இருக்கிறவன் ஒரு தனிப்பட்ட தொழில் விவகாரத்தில் தலையிடுவது முறையும் ஆகாது. இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே.

எனக்கு ஒரு யோசனை தோன்றுகிறது. சித்தியை இங்கே அனுப்பிவிடு. வயதான காலத்தில் அவள் ஏன் ஈரத்தில் நிற்க வேண்டும்? இங்கே வசதியாக இருக்கலாம். என் மனைவியும் வேலைக்குப் போகிறாள், சமையலுக்கு இருந்தவள் போன மாதம் நின்றுவிட்டாள், பிள்ளைகள் பள்ளி விட்டு வந்தால் பார்க்க ஆளில்லை. சித்தி இருந்தால் வீடு நிறைந்திருக்கும். நம்மை வளர்த்த கை, என் பிள்ளைகளையும் வளர்க்கட்டும். அவளை நான் ராணி மாதிரி வைத்துக்கொள்வேன். உனக்கும் பிரச்சினை தீரும்.

அன்புடன்,
தம்பி


ஜூன் 3

உறுப்பினர் அவர்களுக்கு,

உங்கள் கையெழுத்து இல்லாமலே வேலை முடிந்துவிட்டது. இருபதாம் தேதி நானே ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போனேன். உரிமையாளருக்கும் தொழிலாளிக்கும் என்ன உறவு என்று கேட்டிருந்த இடத்தில், "இல்லை" என்று எழுதினேன். பொய்தான். அவள் வாயால் சொன்னதை என் கையால் எழுதினேன். உண்மையைச் சொல்ல ஆள் தேடினேன், கிடைக்கவில்லை. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். யாரோ ஒருவர் தண்ணீர் கொடுத்தார்.

நெட்டையை நிறுத்திவிட்டேன். இன்னொரு சம்பளம் கூடியதும் எனக்கு வேறு வழி இல்லை. வேனை இனி நானே ஓட்ட வேண்டும். அவன் சண்டை போடவில்லை, சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போனான். இதையும் உங்கள் பொருளாதாரத்தில் எங்காவது சேர்த்துக்கொள்ளுங்கள். துண்டு மடிக்கும் பெண்களில் இருவர் புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வருகிறார்கள். அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மறைக்க மாட்டேன்.

இந்த முதல் தேதி சம்பளம் கொடுத்தேன். அவளும் வரிசையில் வந்து நின்றாள், கடைசி ஆளாக. நோட்டுகளை வாங்கி, எண்ணாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். எல்லாரும் போன பிறகு திரும்பி வந்தாள். என்னைப் பிறந்ததிலிருந்து 'கண்ணு' என்று மட்டுமே கூப்பிட்டவள், "மேடம், மாடி ரூமுக்கு மாசம் எவ்வளவு?" என்று கேட்டாள். குத்திக் காட்டவில்லை. நிஜமாகவே கேட்டாள். ஒரு தொகை சொன்னேன். எடுத்து வைத்தாள். வாங்கிக்கொண்டேன்.

எதற்கு என்று அவளிடம் கேட்க எனக்கு இனி உரிமை இல்லை. அவளுக்கு உடம்பு சரியில்லை என்றால் மாடி ஏறிப் போகலாமா, கதவைத் தட்ட வேண்டுமா என்பதுகூடத் தெரியவில்லை. உங்கள் சட்டத்தில் அதற்கு உட்பிரிவு இருந்தால் எழுதி அனுப்ப வேண்டாம். நம் இருவருக்கும் பொதுவாக இருந்தது அவள் ஒருத்திதான். அவளும் உறவில்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. இனி நமக்குள் கடிதம் எதற்கு?

இதையும்கூட அவள் சொல்லித்தான் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு வந்து சமைத்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு ராணி மாதிரி இருக்கச் சொன்னீர்கள் என்று நேற்று அவளிடம் சொன்னேன். பெட்ஷீட்டின் முனையை விடாமலே கேட்டுக்கொண்டாள். மடித்து அடுக்கி முடித்த பிறகு சொன்னாள்:

"சம்பளம் எவ்வளவு, வாரத்துல எந்த நாள் லீவுன்னு அவர்கிட்ட கேட்டு வைங்க மேடம்."

பதிலை அவளுக்கே எழுதுங்கள்.

இப்படிக்கு,
லாண்டரி உரிமையாளர்